ஈரத்துக்குக் கழிவு

ஹட்டனில், டிக்கோயா வீதியில், டயர் கடைக்கு மேல்மாடி.
தேயிலையைப் பொட்டலம் கட்டி விற்கிறோம்.
ஒட்டுகிற மெஷின் ஒன்று, பெண்கள் ஆறு பேர்,
முதலாளி புஷ்பராஜ்,
பேரேட்டோடு நான்.

டொலர் கிடைக்காத வருஷம்
ஷார்ஜாக்காரர் கேட்டார்: "கொயினில் அனுப்பட்டுமா?"
வங்கி வாசலில் நின்று நின்று
குதிகால் வெடித்திருந்த முதலாளி
சரி என்றுவிட்டார்.

பதினெட்டு லட்சத்துக்குச் சரக்கு ஏற்றினோம்.
பதினெட்டு லட்சம் வந்தது,
அவருடைய ஃபோனுக்குள்.
வரவில் எழுதி மை காய்வதற்குள்
பதினேழே முக்கால்.
வெட்டி எழுதினேன்.
பின்னேரம் பதுளை ரயில் கூவிப் போகையில்
பதினெட்டரை.
அன்றைக்குத்தான் பென்சிலுக்கு மாறினேன்.

பேரேடு ஒரு தேதிக்கு ஒரு தொகைதான் கேட்கும்.
இது தூங்காத சாமான்.
நாங்கள் ஷட்டரை இழுத்துப் பூட்டிய பிறகும்
உள்ளே நடமாடிக்கொண்டிருந்தது.

பெப்ரவரியில் ஏறியது.
இருபத்திரண்டு. இருபத்தாறு.
ஒரு பொட்டலமும் கூடுதலாக விற்கவில்லை;
ஆனாலும் "லாபம் பிள்ளை, லாபம்" என்று
எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார்.
லீசிங்கில் இரண்டாவது மெஷின் வந்தது.
முன் ஜன்னலைக் கழற்றி, கயிறு கட்டித்
தூக்கினார்கள். பஸ்கள் நின்று பார்த்தன.
எதை விற்று வந்தது இந்த எட்டு லட்சம் என்று கேட்டேன்.
சிரித்தார்.
விற்காமல் வந்த லாபத்தை
எந்தப் பக்கம் எழுதுவதென்று
டியூஷனில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வெசாக் கூடுகள் எரிந்துகொண்டிருந்த இரவில்
அது வழுக்கியது.
பத்தொன்பது. பதினான்கு.
மெழுகுதிரிகள் அணைந்து விடியும்போது
பதினொன்று.

"விற்காத வரைக்கும் நட்டமில்லை" என்றார்.
ஏறினால் விற்காமலே லாபம்,
இறங்கினால் விற்காததால் நட்டமில்லை.
இப்படியொரு தராசு கிடைத்திருந்தால்
இந்த மலையில் கடன்காரர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஃபெக்டரிக்காரன் ரூபாயில்தான் கேட்டான்.
தாள் கொடுக்கிறவனும் ரூபாயில்தான்.
தவணை பத்தாம் தேதி;
மண் சரிந்து வீதி மூடினாலும் பத்தாம் தேதி.
அடுத்த சரக்குக்குத் தேயிலை வாங்க வேண்டிய முதல்
ஃபோனுக்குள் சுருண்டு கிடந்தது.
விற்றால், ஏழு லட்சம் போனது போனதுதான்.
விற்காவிட்டால், சனிக்கிழமை சம்பளமில்லை.
மரியபாக்கியம் எதுவும் கேட்கவில்லை.
ஓடாத புது மெஷினின் மேல்
தன் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தாள்.

நான் கொழுந்தெடுத்தது எட்டு மாதம்தான்.
நிறுக்கும்போது
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுவார்கள்.
வெயில் மண்டையைப் பிளந்த நாளிலும்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ.
அந்தக் கோபம் எனக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.
அதை எடுத்துத்தான் பேரேட்டில் வைத்தேன்.

கொயின் வந்தால் அன்றைக்கே பாதியை விற்று ரூபாய்.
மிச்சம் என்ன விலை காட்டினாலும் காட்டட்டும்,
மூன்றில் ஒன்றை ஈரம் என்று கழித்து
மீதியைத்தான் முதல் என்று எழுதுவேன்.
ஏறினால் எல்லோருமாகச் சேர்ந்து பார்ப்போம்.
எழுத மாட்டேன்.

"இது எந்த ஊர்க் கணக்கு பிள்ளை?"
"நிறுத்துக் கொடுத்தவர்களின் கணக்கு."

வெள்ளிக்கிழமை, பதினொன்றே காலுக்கு விற்றார்.
கை நடுங்கி இரண்டு தரம் பிழையாக அழுத்தினார்.
சம்பளம் கொடுத்தோம்.
புது மெஷின் அதே ஜன்னலால் இறங்கியது;
இந்த முறை பஸ்கள் நிற்கவில்லை.

புதன்கிழமை அது பதின்மூன்றுக்கு ஏறியது.
ஃபோனை என் மேசையில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் நின்றார்.
நானும் பேசவில்லை, பென்சிலைச் சீவினேன்.
கீழே யாரோ
டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.